மூன்று தரம் சொல்ல ஆளில்லை!

ஜேசிபி முதல் லேத் வரை ஆன்லைன் ஏலத்தில்... அள்ளுவது யார், அடி வாங்குவது யார்?

மண்டைவெளியில் ஒரு முதல் மாடி அலுவலகம். ஜன்னலுக்குக் கீழே மெட்ரோ வேலைக்காக அடித்த தகரத் தடுப்பை உரசியபடி போக்குவரத்து ஊர்ந்துகொண்டிருக்கிறது. மேலே லேப்டாப் முன்னால் இரண்டு பேர். ஒருவர் பழைய அடுக்குமாடி வீடுகளை இடித்துக் கட்டும் ஒப்பந்ததாரர். மற்றவர் அவர் நம்பி அழைத்து வந்திருக்கும் புதுப்பேட்டை டீசல் மெக்கானிக். திரையில் மஞ்சள் நிற ஜேசிபி ஒன்றின் நான்கு படங்கள். லாட் எண் 14. ஏலம் முடியும் நேரம் மாலை 4.00. இப்போது மணி 3.58.

"பாய், இன்னும் ஒரு பத்தாயிரம் ஏத்தலாமா?"

"நேத்து யார்டுல போய்ப் பார்த்துட்டேன் சார். பக்கெட் பின்னெல்லாம் ஆடுது. ஹைட்ராலிக் பம்ப்புல சத்தம் வருது. பதினொண்ணு தாண்டினா வேணாம்."

சரியாகப் பதினொரு லட்சம் அடித்து மவுஸை அழுத்துகிறார் ஒப்பந்ததாரர். அவர் பெயருக்கு நேரே பச்சை விழுகிறது. முப்பது நொடிதான் பாக்கி. கை தட்டப் போகும் நேரத்தில் பச்சை சிவப்பாகிறது. முகம் தெரியாத யாரோ, ஊர் தெரியாத எங்கிருந்தோ, பத்தாயிரம் கூட்டிவிட்டார்கள். உடனே கடிகாரம் தானாகவே மூன்று நிமிடம் பின்னால் போகிறது. இவர் ஏற்றுகிறார், அவர் ஏற்றுகிறார், கடிகாரம் நீண்டுகொண்டே போகிறது. பாய் ஒரு முறை "சார்..." என்று இழுத்துப் பார்த்துவிட்டு டீ குடிக்க இறங்கிப் போகிறார். திரும்பி வரும்போது மணி 4.25. லாட் எண் 14 பன்னிரண்டு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு இந்த அலுவலகத்துக்கே கிடைத்திருக்கிறது.

"வாழ்த்துகள் சார்" என்கிறார் பாய். "பம்ப்புக்குத் தனியா பணம் எடுத்து வைங்க."

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் கட்டட வேலை, இன்டீரியர், ஜெனரேட்டர் வாடகை, லேத் பட்டறை என்று தொழில் செய்கிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், பத்து நிமிடத்துக்குள் பேச்சு ஆன்லைன் ஏலத்தில் வந்து நிற்கிறது. காரணம் தெருவிலேயே தெரிகிறது. ஏறத்தாழ 119 கிலோமீட்டர் நீளத்துக்கு நடக்கும் சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டப் பணி, மயிலாப்பூரையும் பனகல் பார்க்கையும் அடையாறையும் தோண்டிப் போட்டிருக்கிறது. 2022-ல் இயற்றப்பட்ட தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தின்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் பழைய ஃபிளாட்டுகளை இடித்துக் கட்டலாம். இடிக்க பிரேக்கர் வேண்டும், தோண்ட ஜேசிபி வேண்டும், கரன்ட் போனால் ஜெனரேட்டர் வேண்டும். புதிதாக வாங்கக் கையில் காசில்லாதவர்களின் கண் இயல்பாகவே பழைய சாமான் பக்கம் திரும்புகிறது. அந்தப் பழைய சாமான் முழுக்கத் திரைக்கு இடம் மாறிவிட்டது.

மெழுகுவத்தியில் தொடங்கிய கடிகாரம்

நேரம் குறித்து ஏலம் விடுவது இன்டர்நெட் கண்டுபிடித்த வித்தை இல்லை. 17-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு துண்டு மெழுகுவத்தியைக் கொளுத்திவைத்து ஏலம் விடுவார்கள். சுடர் அணைவதற்கு முன் கடைசியாகக் கேட்டவருக்கே பொருள். 1662 செப்டம்பரில் இங்கிலாந்துக் கடற்படை தன் பழைய கப்பல்களை இப்படி விற்றது. இன்றைய கணக்கில் அது அரசுத் துறையின் கழிவு செய்யப்பட்ட கனரகச் சாமான் ஏலம். கடற்படை நிர்வாகத்தில் இருந்த சாமுவேல் பீப்ஸ் அதை வேடிக்கை பார்த்துத் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். எல்லோரும் குத்துமதிப்பாகக் கத்திக்கொண்டிருக்க, ஒருவர் மட்டும் குறிபார்த்துக் கடைசி ஆளாகக் கேட்டு ஜெயித்துக்கொண்டிருந்தாராம். ரகசியம் என்ன என்று பீப்ஸ் விசாரித்தார். சுடர் அணையும் நொடியில் புகை கீழ்நோக்கி இறங்கும், அதைப் பார்த்துத்தான் கேட்கிறேன் என்று பதில் வந்தது.

சந்தை முழுக்க விலையைப் பார்த்துக்கொண்டிருக்க, ஒருவர் மட்டும் புகையைப் பார்த்தார். இன்றைய ஏலத்திலும் சம்பாதிப்பவர்கள் அப்படிப்பட்டவர்கள்தான்.

கடைசி நொடிக்கு மதிப்பில்லை

'ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்' என்று கூவி முடிக்கும் ஏலத்தில், எதிராளியின் முகத்தைப் பார்த்தே அவர் தெம்பை எடைபோடலாம். ஆன்லைனில் முகம் இல்லை. அதனால் கடைசி நொடியில் புகுந்து தட்டிவிடலாம் என்று புதிதாக வருகிறவர்கள் கணக்குப் போடுகிறார்கள். அந்த வழியைத் தளங்கள் எப்போதோ அடைத்துவிட்டன. இறுதி நிமிடங்களில் யார் விலை ஏற்றினாலும் முடியும் நேரம் தானாக நீளும். ஆங்கிலத்தில் இதற்கு 'ஆட்டோ எக்ஸ்டென்ஷன்' என்று பெயர். எத்தனை நிமிடம் என்பது தளத்துக்குத் தளம் மாறும்.

இந்த ஒரு விதி மனிதர்களின் நடத்தையை எப்படி மாற்றுகிறது என்பதை ஆல்வின் ராத், ஆக்சல் ஓக்கன்ஃபெல்ஸ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2002-ல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். குறித்த நேரத்தில் முடிந்துவிடும் ஈபே ஏலங்களில் கடைசி நேரக் கேட்புகள் குவிந்தன. யாராவது கேட்டால் பத்து நிமிடம் நீண்ட அமேசான் ஏலங்களில் அந்த அவசரம் வெகுவாகக் குறைந்திருந்தது. ராத் பின்னர் 2012-ல் நோபல் பரிசு பெற்றார்.

நம் ஊர் இயந்திர ஏலங்களில் நடப்பது பெரும்பாலும் இரண்டாவது வகை. வேகமான விரலுக்கு இங்கே பரிசு கிடையாது. முன்கூட்டியே ஒரு தொகையைத் தீர்மானித்து அதில் நிற்கிறவருக்கு இந்த விதி பாதுகாப்பு. தீர்மானிக்காமல் உட்கார்ந்தவருக்கு, 'இன்னும் ஒரு பத்தாயிரம்தானே' என்று யோசிக்க ஒவ்வொரு முறையும் மூன்று நிமிட அவகாசம். மண்டைவெளி அலுவலகத்தில் பதினொரு லட்சம் பன்னிரண்டரையை நெருங்கியது அப்படித்தான்.

இப்படி அதிகம் கொடுத்து ஜெயிப்பதற்கு ஏலக் கோட்பாட்டில் 'வென்றவரின் சாபம்' என்று பெயர். 1971-ல் அமெரிக்க எண்ணெய்க் கம்பெனி ஒன்றின் பொறியாளர்கள் மூவர் இதை முதலில் விளக்கினார்கள். பொருளின் உண்மை மதிப்பு யாருக்கும் சரியாகத் தெரியாத ஏலத்தில் ஜெயிப்பவர், எல்லோரையும்விட அதிகமாக மதிப்பிட்டவர். அதாவது, தப்புக் கணக்குப் போட்டவராக இருக்க அதிக வாய்ப்புள்ளவர். எண்ணெய் வயல்களைப் பற்றிச் சொன்னது பழைய ஹைட்ராலிக் பம்ப்புக்கும் பொருந்தும்.

விற்பது யார்?

முதல் வரிசையில் அரசு. மத்திய உருக்கு அமைச்சகத்தின் கீழ் 1964-ல் பழைய இரும்பு வணிகத்துக்காகத் தொடங்கிய, கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட எம்.எஸ்.டி.சி. நிறுவனம் இன்று அரசுத் துறைகளின் மின் ஏலக் களமாக நிற்கிறது. 2015-ல் நாட்டின் நிலக்கரிச் சுரங்கங்களே அதன் தளத்தில்தான் ஏலம் போயின. ரயில்வே தன் பழைய சாமான்களை ஐ.ஆர்.இ.பி.எஸ். என்ற சொந்தத் தளத்தில் விற்கிறது.

அடுத்து கடன் கொடுத்தவர்கள். இதில் மயிலாப்பூருக்குத் தனி இடம் உண்டு. 1974-ல் ஆர்.தியாகராஜன் சீட்டு நிறுவனமாகத் தொடங்கிய ஸ்ரீராம் குழுமம், 1979-ல் லாரிக் கடன் தொழிலில் இறங்கியது. வங்கி வாசலில் ஏற முடியாத சிறு லாரி முதலாளிகளுக்குப் பழைய வண்டி வாங்கக் கடன் கொடுத்து அது வளர்ந்தது. அதன் மயிலாப்பூர் லேடி தேசிகா சாலை முகவரி லாரித் தொழிலில் பலருக்கும் பழக்கம். பழைய வண்டிக்குக் கடன் கொடுப்பவருக்கு, திரும்பி வந்த வண்டியை விற்க ஒரு சந்தையும் வேண்டும். அந்தத் தேவையில் பிறந்ததுதான் ஸ்ரீராம் ஆட்டோமால். அதன் பெரும்பான்மைப் பங்கு 2018-ல் கார்டிரேட் நிறுவனத்தின் கைக்குப் போனது.

மூன்றாவது, நொடித்துப்போன கம்பெனிகள். 2016-ன் திவால் சட்டப்படி கலைக்கப்படும் நிறுவனங்களின் சொத்துகள், 2025 ஏப்ரல் முதல் பொதுத்துறை வங்கிகளின் பொதுத் தளமான பான்க்நெட்டில் ஏலத்துக்கு வருகின்றன. நான்காவது, காப்பீட்டு நிறுவனங்கள். 2015 டிசம்பரில் அடையாறு ஊருக்குள் புகுந்தபோது மூழ்கிய வண்டிகளில் 'டோட்டல் லாஸ்' என்று எழுதப்பட்டவை அந்த வழியாகத்தான் கைமாறின.

இந்த நால்வருக்கும் பொதுவாக ஒரு விஷயம் உண்டு. பொருளை ஓட்டிய கை எதுவும் விற்கும் இடத்தில் இல்லை. வண்டி எப்போது மக்கர் செய்யும் என்று தெரிந்த ஆபரேட்டர் எங்கோ இருப்பார். விற்கிறவர் கையில் இருப்பது ஒரு ஃபைல் மட்டுமே.

பெட்டிச் செய்தி: கேட்டலாக்கில் கண்ணில் படும் சொற்கள்

▪ லாட்: ஒரே விலைக்கு விற்கப்படும் ஒரு பொருள் அல்லது ஒரு குவியல். 1930-ன் சரக்கு விற்பனைச் சட்டம், 64-ம் பிரிவின்படி ஒவ்வொரு லாட்டும் தனித்தனி ஒப்பந்தமாகக் கொள்ளப்படும்.

▪ ஈ.எம்.டி.: கேட்பதற்கு முன் கட்டும் முன்பணம். ஜெயித்துவிட்டுப் பின்வாங்கினால் போச்சு.

▪ எச்-1: அதிக விலை கேட்டவர்.

▪ எஸ்.டி.ஏ.: 'ஒப்புதலுக்கு உட்பட்டது'. கடிகாரம் நின்றாலும் விற்பவர் சம்மதித்தால்தான் பொருள் உங்களுடையது.

▪ உள்ளது உள்ளபடி, உள்ள இடத்தில்: ரிப்பேர், குறை, தூக்கிப் போகும் செலவு எல்லாம் வாங்குபவர் தலையில்.

▪ கிரவுண்ட் ரென்ட்: குறித்த நாளுக்குள் எடுக்காவிட்டால் நாள் கணக்கில் ஏறும் இட வாடகை.

திரையில் தெரியாத விலை

ஏலத்தில் கேட்ட தொகையைப் பலர் கொள்முதல் விலை என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் அது கொள்முதலின் முதல் வரி மட்டுமே. ஒரு தொழிற்சாலை தன் பழைய லேத்தை விற்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

பெட்டிச் செய்தி: ஒரு மாதிரிக் கணக்கு

▪ ஏலத்தில் கேட்ட விலை: ரூ.4,00,000
▪ ஜி.எஸ்.டி. 18%: ரூ.72,000
▪ தளத்தின் சேவைக் கட்டணம் 2% என்றால்: ரூ.8,000
▪ அந்தக் கட்டணத்தின் மீது ஜி.எஸ்.டி.: ரூ.1,440
▪ ஹைட்ரா கிரேன், லாரி, ஆள்கூலி: ரூ.35,000
▪ பட்டறையில் இறக்கிச் சரிசெய்ய: ரூ.60,000
▪ மொத்தம்: ரூ.5,76,440

(வரி விகிதம் நீங்கலாக மற்றவை உதாரணத் தொகைகள்.)

நான்கு லட்சத்துக்கு எடுத்ததாகச் சொல்லிக்கொள்ளும் இயந்திரம், ஓடத் தொடங்கும்போது ஐந்தே முக்கால் லட்சத்தைத் தாண்டியிருக்கிறது. ஜி.எஸ்.டி. பதிவுள்ள பட்டறைக்கு அந்த 72,000 உள்ளீட்டு வரி வரவாகத் திரும்பக் கிடைக்கலாம். பதிவில்லாத சிறு மேஸ்திரிக்கும், காம்போசிஷன் முறையில் இருப்பவருக்கும் அது போன பணம். ஒரே லாட்டை இருவர் ஒரே விலைக்குக் கேட்டாலும் இருவருக்கும் அதன் உண்மை விலை வேறு. போட்டியில் எதிரே நிற்பவர் வரியைத் திரும்பப் பெறுகிறவராக இருந்தால், அவரோடு மல்லுக்கட்டுவது நமக்கு நஷ்டம். ஸ்கிராப் என்று வகைப்படுத்தி விற்றால் டி.சி.எஸ். என்ற வருமான வரி முன்வசூல் தனியாக வரும். பழைய கார், லாரிகளை வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு 2025 ஜனவரி முதல் லாப வித்தியாசத்தின் மீது 18% வரி.

இன்னொரு செலவு, நேரம். பகலில் கனரக வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உள்ள தி.நகர், மயிலாப்பூர் தெருக்களுக்குள் ஒரு பொக்லைனைக் கொண்டுவர லோபெட் டிரெய்லர் இரவில்தான் நுழைய முடியும். அதற்கு நாள் பார்ப்பதற்குள் யார்டில் கிரவுண்ட் ரென்ட் ஓடிக்கொண்டிருக்கும்.

தாமதம் விற்பவரையும் விடாது. சென்னைச் சுங்கத் துறை 2015-ல் பறிமுதல் செய்த அம்மோனியம் நைட்ரேட் மணலியில் ஆண்டுக்கணக்கில் கிடந்தது. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகம் அதே ரசாயனத்தால் வெடித்துச் சிதறிய பிறகுதான் நகரம் விழித்துக்கொண்டது. மின் ஏலத்தில் ஏற்கெனவே விற்றிருந்த 697 டன்னும் அவசர அவசரமாக ஹைதராபாத்துக்கு லாரி ஏறின. ஏலத்தில் பொருள் விற்றுவிட்டது என்பதும், பொருள் இடத்தை விட்டுப் போய்விட்டது என்பதும் வேறுவேறு.

கையில் தொட்டால் தெரியும்

கேட்டலாக் படத்தில் எல்லா ஜேசிபியும் அழகுதான். பெயின்ட் டப்பாவின் விலை கொஞ்சம்தானே! அனுபவசாலிகள் யார்டுக்குப் போனதும் முதலில் செய்வது, இன்ஜின் பானட்டின் மேல் கை வைத்துப் பார்ப்பது. சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே யாரோ ஸ்டார்ட் செய்து தயார்படுத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆறிய இன்ஜினைக் கிளப்பும்போதுதான் அதன் குணம் தெரியும். நீலப் புகை விடாமல் வந்தால் ஆயில் எரிகிறது. ஆயில் குச்சியில் பால் கலந்த காபி நிறம் தெரிந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது.

அடுத்து ஹவர் மீட்டர். அது எத்தனை மணி நேரம் காட்டினாலும் பெடல் ரப்பரையும் சீட்டையும் லீவர் குமிழையும் பார்க்க வேண்டும். மீட்டரில் மூவாயிரம், பெடலில் ரப்பரே இல்லை என்றால் மீட்டரை நம்ப வேண்டாம். பக்கெட்டைத் தரையிலிருந்து சற்றே தூக்கச் சொல்லி, அப்படியே ஆட்டிப் பார்த்தால் பின்னிலும் புஷ்ஷிலும் உள்ள தேய்மானம் கைக்குத் தெரியும். சங்கிலியில் ஓடும் பொக்லைன் என்றால் செயின், ரோலர், ஸ்ப்ராக்கெட் மூன்றையும் தனியாக விலை போட வேண்டும். வண்டியின் பராமரிப்புச் செலவில் பெரும் பங்கை விழுங்குவது அந்த அடிப்பாகம்தான்.

லேத்துக்குச் சோதனையே வேறு. சாதாரணப் பட்டறையில் வேலை பெரும்பாலும் சக்குக்குப் பக்கத்திலேயே நடப்பதால், பெட் அந்த இடத்தில்தான் தேயும். சேடிலை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கையால் உருட்டிப் பார்த்தால் போதும். சக் பக்கம் லேசாக ஓடி, டெயில் ஸ்டாக்கை நெருங்க நெருங்க இறுகினால் பெட் குழிந்திருக்கிறது. அதில் நீளமான ஷாஃப்டைக் கடைந்தால் அளவு நிற்காது. பெட்டைக் கிரைண்ட் செய்யும் செலவு சில நேரம் லேத்தின் விலையையே தொட்டுவிடும். பத்து நிமிடச் சோதனைதான் இது. ஆனால் திரையிலிருந்து செய்ய முடியாது.

ஜெனரேட்டரும் மோட்டாரும் வெள்ளத்தைக் கண்டவையா என்று பார்ப்பது சென்னைக்காரர்களுக்குக் கட்டாயப் பாடம். டெர்மினல் பெட்டியைத் திறந்து, ஓரங்களில் வண்டல் படிந்திருக்கிறதா, உள்பக்க போல்ட்டுகளில் துரு ஏறியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். மெகர் வைத்துக் காயிலின் இன்சுலேஷனை அளக்காமல் கேட்பது லாட்டரி.

காகிதம் கைவிட்டால்...

டயரில் ஓடும் ஜேசிபி கட்டுமான வாகனமாக ஆர்.டி.ஓ.வில் பதிவாக வேண்டும். சங்கிலிச் சக்கரப் பொக்லைனுக்கு அந்தப் பதிவு கிடையாது. இதன் விளைவு பலருக்கு வாங்கிய பிறகுதான் உறைக்கிறது. ஆர்.சி. உள்ள வண்டியில் கடன் பாக்கி இருந்தால் அதிலேயே எழுதியிருக்கும். பொக்லைனில் எழுத இடமே இல்லை. அதன் உரிமைக்குச் சாட்சி, அசல் இன்வாய்ஸும் சேஸிஸில் பொறித்த சீரியல் எண்ணும் கடன் கொடுத்தவரின் தடையில்லாச் சான்றும்தான். கம்பெனி வைத்திருந்த இயந்திரம் என்றால், அதன் மேல் அடமானம் பதிவாகியிருக்கிறதா என்று கம்பெனி விவகார அமைச்சகத்தின் பதிவேட்டிலும் செர்சாய் பதிவேட்டிலும் தேடிப் பார்ப்பது நல்லது.

அரசு நடத்தும் பொது ஏலத்தில் எடுத்த வண்டிக்குப் பெயர் மாற்றம் படிவம் 32-ல், வண்டி கைக்கு வந்த 30 நாளுக்குள். நிதி நிறுவனத்திடமிருந்து எடுத்தால் வழக்கமான படிவங்கள் 29, 30-ஓடு கடன் நீக்கத்துக்கான படிவம் 35-ம் வேண்டும். பறிமுதலான வண்டிக்கு ஆர்.சி.யே கையில் இல்லை என்றால், நிதி நிறுவனம் படிவம் 36 போட்டுப் புது ஆர்.சி. வாங்கிய பிறகுதான் வழி திறக்கும். கேட்பதற்கு முன்னால் 'ஆர்.சி. யார் கையில் இருக்கிறது?' என்ற ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டால் பல மாத அலைச்சல் மிச்சம். 15 ஆண்டு தாண்டிய அரசு வாகனங்களின் பதிவு, சில விலக்குகள் தவிர, 2023 ஏப்ரல் முதல் புதுப்பிக்கப்படுவதில்லை. அவை பதிவுபெற்ற உடைப்பு நிலையத்துக்குத்தான் போக வேண்டும். பழைய அரசு ஜீப் ஒன்றை எடுத்து ஓட்டலாம் என்ற கனவுக்கு இனி இடமில்லை.

கடிகாரம் நின்றதும் வண்டி நம்முடையது என்ற நினைப்பும் சட்டப்படி சரியில்லை. 1789-ல் லண்டனில் சாராயம் வடிக்கும் பழைய கருவி ஒன்றை 40 பவுண்டுக்குக் கேட்ட ஒருவர், சுத்தியல் விழும் முன் பின்வாங்கினார். கேட்பு என்பது வெறும் முன்மொழிவு, சுத்தியல் விழுவதே சம்மதம் என்றது நீதிமன்றம். அந்தத் தத்துவம்தான் நம் 1930 சரக்கு விற்பனைச் சட்டத்திலும் இருக்கிறது. எஸ்.டி.ஏ. லாட்டில் சுத்தியல் விற்பவரின் அலுவலக மேசையில் இருக்கிறது. அதிக விலை கேட்டதாலேயே ஒருவருக்கு உரிமை பிறந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் ஹரியானா நகர்ப்புற வளர்ச்சி ஆணைய வழக்கு உட்படப் பல முறை சொல்லியிருக்கிறது. விற்பவர் முடிவு சொல்லும்வரை ஈ.எம்.டி. பணம் முடங்கிக் கிடக்கும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்றால், வணிக நோக்கத்துக்காக வாங்குகிறவர் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர் ஆக மாட்டார். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த வாங்கியவர்களுக்கு மட்டுமே விதிவிலக்கு.

புதுப்பேட்டையின் கணக்கு மாறுகிறது

நேரடி ஏலம் நடந்த காலத்தில் 'ரிங்' என்றொரு ஏற்பாடு இருந்தது. வியாபாரிகள் நாலைந்து பேர் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு, ஒருவரை மட்டும் குறைந்த விலைக்குக் கேட்கவிடுவார்கள். வெளியே வந்த பிறகு தங்களுக்குள் இன்னொரு ஏலம் நடத்தி வித்தியாசத்தைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். நஷ்டம் விற்ற அரசுக்கும், உள்ளே நுழைய முடியாத புது ஆளுக்கும். ஆன்லைன் இந்த வளையத்தில் பெரிய ஓட்டை போட்டுவிட்டது. சென்னை யார்டில் கிடக்கும் கம்ப்ரசருக்குக் கோவையிலிருந்தும் ராஜ்கோட்டிலிருந்தும் விலை வருகிறது. கேட்பவரின் பெயர் தெரியாததால் யாரிடம் போய்ப் பேசுவது?

வாட்ஸ்அப் குழுவில் வளையம் மறுபடி கூடாது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கூட்டுச் சேர்ந்து கேட்பதைப் போட்டிச் சட்டம் 2002-ன் 3-வது பிரிவு தடைசெய்கிறது. மறுபக்கம், விற்பவரே ஆள் வைத்து விலையை ஏற்றினால் அந்த விற்பனையை ரத்து செய்யும் உரிமை சரக்கு விற்பனைச் சட்டப்படி வாங்கியவருக்கு உண்டு. ஆனால் திரைக்குப் பின்னால் யார் ஏற்றினார் என்பதை எப்படி நிரூபிப்பது? தளம் வைத்திருக்கும் பதிவுகள்தான் ஒரே சாட்சி.

எந்தத் தொழிற்சாலையில் எந்தச் சாமான் கிடக்கிறது என்ற தகவல்தான் ஒரு காலத்தில் தரகரின் முதலீடு. இன்று அது கேட்டலாக்கில் இலவசம். கேட்டலாக் தராத இன்னொரு சரக்குக்கு இப்போது மவுசு: தொட்டுப் பார்த்துக் குறை சொல்லும் கண். லாட் ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி பேசி ஆய்வுக்குப் போகும் மெக்கானிக்குகளுக்கு இது புது வருமானம். அந்தக் கூலியை மிச்சம் பிடிக்க நினைக்கிறவர்தான் கடைசியில் சாமானைக் காயலான் கடைக்கு எடைக்குப் போடுகிறார்.

அந்த ஜேசிபி யாருடையது?

மலிவு விலைக்கு வந்த ஒவ்வொரு வண்டிக்குப் பின்னாலும் தவணை கட்ட முடியாமல் போன ஒருவர் இருக்கிறார். பெரும்பாலும் ஒரே ஒரு வண்டி வைத்திருந்தவர். ஒப்பந்ததாரர் பில் பாக்கி வைத்ததாலோ, மழையில் வேலை நின்றதாலோ மூன்று தவணை தவறியிருக்கும். அடியாட்களை வைத்து வண்டியைப் பிடுங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007-ல் பிரகாஷ் கவுர் வழக்கில் கண்டித்தது. அதுவும் ஒரு லாரிக் கடன் விவகாரம்தான்.

வண்டி ஏலம் போன விலையைப் பொறுத்தே அவர் வாழ்க்கையின் அடுத்த அத்தியாயம். பாக்கிக்கு மேல் விற்றால் மீதி அவருக்குச் சேர வேண்டும். கடன் மீட்புக்கான சர்ஃபேசி சட்டத்தின் 13(7) பிரிவு அதைத் தெளிவாகவே சொல்கிறது. குறைவாக விற்றால் வண்டியும் போய், மீதிக் கடனும் தலையில் நிற்கும். யார்டில் வெயிலிலும் மழையிலும் கிடக்கும் ஒவ்வொரு மாதமும் வண்டியின் விலை இறங்குகிறது, வட்டி ஏறுகிறது. கடன் தவறியவர்கள் கேட்க மறக்கும் இரண்டு காகிதங்கள்: விற்பனைக்கு முன் வர வேண்டிய அறிவிப்பு, விற்ற பிறகு தர வேண்டிய கணக்கு. ஆன்லைன் ஏலத்தில் எத்தனை பேர் கேட்டார்கள், எந்த விலையில் முடிந்தது என்பதெல்லாம் பதிவாகிறது. அந்தப் பதிவைக் கேட்டுப் பெறுவது அவருக்குப் பெரிய ஆயுதம்.

பெட்டிச் செய்தி: பணம் கட்டும் முன்

▪ அரசுத் தளங்களின் பெயரில் போலிகள் உலவுகின்றன. வாட்ஸ்அப்பில் வந்த லிங்க்கில் ஈ.எம்.டி. கட்ட வேண்டாம். முகவரியை நீங்களே டைப் செய்து நுழையுங்கள்.

▪ தனிநபர் பெயரில் உள்ள கணக்குக்கோ யு.பி.ஐ. எண்ணுக்கோ பணம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

▪ 'நேரில் பார்க்க அனுமதி இல்லை, முதலில் முன்பணம்' என்றால் அது ஏலமே இல்லை.

▪ பழைய பேட்டரி, கழிவு ஆயில் லாட்டுகளை மாசுக் கட்டுப்பாட்டு அனுமதி பெற்ற மறுசுழற்சியாளர்களே எடுக்க முடியும்.

▪ ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். ஒவ்வொரு மணி நேரத் தாமதத்திலும் பணம் கைமாறிப் போய்க்கொண்டிருக்கும்.

மறைத்தால் விற்பவருக்கே நஷ்டம்

'உள்ளது உள்ளபடி' என்று எழுதிவிட்டால் கடமை முடிந்தது என்று விற்பவர்கள் நினைக்கிறார்கள். நாலு மங்கலான படம், ஒரு வரி விவரம். ஹவர் மீட்டர் எவ்வளவு, இன்ஜின் கிளம்புகிறதா, ஆர்.சி. இருக்கிறதா என்ற விவரங்கள் பல கேட்டலாக்குகளில் இல்லை. இதனால் வாங்குபவர் மட்டும்தான் பாதிக்கப்படுகிறார் என்று தோன்றும். பொருளாதாரம் வேறு மாதிரி சொல்கிறது. பால் மில்குரோம், ராபர்ட் வெபர் இருவரும் 1982-ல் எழுதிய கட்டுரையில், பொருளைப் பற்றித் தெரிந்த தகவலை மறைக்காமல் வெளியிடுவது சராசரியாக விற்பவருக்கே அதிக விலை பெற்றுத் தரும் என்று காட்டினார்கள். ஏலக் கோட்பாட்டுக்காக 2020-ல் நோபல் பரிசு பெற்ற இருவரில் மில்குரோம் ஒருவர்.

தர்க்கம் எளிது. விவரம் தெரியாதபோது, விவரமானவர்கள் பயந்து குறைத்துக் கேட்கிறார்கள் அல்லது ஒதுங்கிவிடுகிறார்கள். மிஞ்சுவது ஆவேசத்தில் கேட்கும் புது ஆட்கள். அவர்களில் சிலர் ஜெயித்த பிறகு உண்மை தெரிந்து ஈ.எம்.டி.யை விட்டுவிட்டு ஓடுகிறார்கள். லாட் மறு ஏலத்துக்கு வருகிறது. அதற்குள் இன்னொரு மழைக்காலம் போய்விடுகிறது.

ஆறிய இன்ஜினைக் கிளப்பும் இரண்டு நிமிட வீடியோ, ஹவர் மீட்டரின் படம், சீரியல் எண், ஆர்.சி. நிலவரம், கடைசியாக ஓடிய தேதி. ஒரு ஆளுக்கு அரை மணி நேர வேலை. மக்கள் பணத்தில் வாங்கிய சாமானை விற்கும் அரசு நிறுவனங்கள் இதை முதலில் கட்டாயமாக்கலாம். கடன் நிறுவனங்கள் பின்தொடரும். கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு ரூபாயும் அவர்களின் வாராக்கடனைக் குறைக்கும், தவணை தவறியவரின் பாரத்தையும் குறைக்கும். அதுவரை வாங்குபவருக்கு வழி ஒன்றுதான்: யார்டுக்கு நேரில் போய், வரியும் வண்டி வாடகையும் ரிப்பேரும் சேர்த்துக் கணக்குப் போட்டு, உச்ச விலையைக் காகிதத்தில் எழுதி, லேப்டாப்பைத் திறப்பதற்கு முன் அதைக் கூட வந்த மெக்கானிக்கின் கையில் கொடுத்துவிடுவது. அந்த எண்ணைத் தாண்டியதும் லேப்டாப்பை மூடும் அதிகாரத்தையும் சேர்த்து!